சம்பந்திகளுக்கு ஒட்டுச் சோறு

"அடியே நிலோபர், என்னடி பண்ணி வச்சிருக்க? சம்பந்தி வீட்டாளுகளுக்குப் பசையைக் கிண்டிப் போடப் போறியா?"

ஜெய்த்தூன் பீவி மருமகளைப் பார்த்துப் போட்ட சத்தத்தில், பக்கத்து வீட்டுப் பவுனு ஓடி வந்து அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தாள். காலையில் அவள் இரவல் கொடுத்த இட்லிக் கொப்பரைதான் அடுப்பில் இருந்தது. என்ன பாடுபடுகிறதோ என்று அவளுக்கும் பார்க்க வேண்டியிருந்தது.

கொப்பரைக்குள் தட்டு. தட்டின் மேல் ஈரத்துணி. துணியில் இட்லி மாவைக் காணோம், அரிசி இருந்தது. கண்ணாடி போல மினுமினுத்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு.

"இது என்ன அரிசிடி?"

"புளுட் அரிசியாம், பவுனக்கா. பினாங்குல இருந்து உங்க தம்பி குடுத்து விட்டாக."

பவுனுவின் 'தம்பி' என்றது நிலோபரின் கணவன் ரஃபியை. அவனுக்குப் பினாங்கில் ஓட்டல் வேலை.

"தண்ணியே ஊத்தலையே, எப்படி வேகும்?"

"ராத்திரியே ஊறப் போட்டு வடிச்சு வச்சேன். இனி ஆவி போதும். அங்கன இதுக்குன்னு மூங்கில் கூடை இருக்காம். நமக்கு ஏது? மொதல்ல ஒருநா உலையில போட்டுப் பாத்தேன், களியாப் போச்சு. வேகும்போது தண்ணி அரிசியைத் தொடவே கூடாதாம்."

சொல்லிக்கொண்டே துணியின் நான்கு முனைகளையும் பிடித்துத் தூக்கி, மொத்தச் சோற்றையும் ஊத்தப்பம் மாதிரி புரட்டிப் போட்டு மூடினாள். ஒரு பருக்கைகூடப் பிரிந்து விழவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. தேர்தல் வந்தா போஸ்டர் ஒட்டலாம்" என்றாள் பவுனு.

ஜெய்த்தூன் பீவிக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் நசீமாவின் நிச்சயத்துக்குக் கம்பத்திலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் விருந்து என்றால் நெய்ச்சோறுதான். அதுவும் உதிரி உதிரியாக விழ வேண்டும்.

அதைவிடப் பெரிய கவலை ஒன்றும் இருந்தது.

பெரிய தட்டில் சோற்றைக் கொட்டி, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுவது அவர்கள் வழக்கம். சஹன் என்பார்கள். பெண் பார்க்க வந்த அன்று, பெண்ணின் அத்தா, ஜெய்த்தூன் பீவியின் கணவர் அலி அக்பர், சஹனில் உட்காரவில்லை. பசிக்கவில்லை என்று உள்ளறைக்குப் போய்விட்டார். மாப்பிள்ளையின் அத்தாவுக்கு மனசு சுருக்கென்றது. இந்தத் தடவை சொல்லியே அனுப்பிவிட்டார்: "பொண்ணோட அத்தா எங்களோட உக்காந்தாத்தான் கை நனைப்போம். இல்லைன்னா வந்த வண்டியிலயே திரும்பிருவோம்."

அப்படியும் அலி அக்பர் இன்று காலையிலேயே, "எனக்கு வயிறு சரியில்ல" என்று சொல்லிவிட்டார்.

போன வருஷம் ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து வந்தவர், வாழைக்காய் மண்டிக்குப் பழையபடி நடந்தே போகிறார். எல்லாரோடும் சிரித்துப் பேசுகிறார். விருந்து என்றால் மட்டும் ஒதுங்கிக்கொள்வார். கையில் காசு சேர்ந்ததும் தலைக்கனம் வந்துவிட்டதென்று ஊரில் பேச்சு.

"அவுகதான் பிடிவாதம் பிடிக்கிறாகன்னா, நீயும் சேந்து என் மானத்தை வாங்குறியேடி" என்றாள் ஜெய்த்தூன் பீவி. குரல் உடைந்தது.

"மதினி, அழுகாதீக. வாறதுக்குள்ள நான் நெய்ச்சோறு தாளிச்சு இறக்கிருறேன்" என்று பவுனு சேலையை இழுத்துச் செருகினாள்.

"வேணாங்க்கா." நிலோபர் அடுப்பை மறித்து நின்றாள். "மாமி, இன்னைக்கு ஒருநா என் போக்குல விடுங்க."

கல்யாணமாகி வந்த இந்த மூன்று வருஷத்தில் மருமகள் எதிர்த்துச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

வாசலில் வேன் வந்து நின்றது.

நிலோபர் சின்னத் தட்டில் ஒரு துண்டுச் சோறும் கறியும் வைத்து உள்ளறைக்குக் கொண்டு போனாள். பவுனுவால் சும்மா இருக்க முடியவில்லை. கதவோரம் போய் நின்றாள்.

"மாமா, உப்பு சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

அலி அக்பர் தயங்கினார். பிறகு சோற்றில் ஒரு துண்டைப் பிய்த்தார். உள்ளங்கையில் வைத்து அமுக்கிப் பார்த்தார். கறியில் தோய்த்து வாயில் போட்டார். இன்னொரு துண்டு எடுத்தார். அதற்குப் பிறகும் ஒன்று.

"இதைத்தான் எல்லாருக்கும் வைக்கிறியாம்மா?"

"ஆமா மாமா. எல்லாருக்கும் இதே சோறுதான்."

அவர் எழுந்து தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

கூடத்தில் மாப்பிள்ளையின் அத்தா சோற்றை விரலால் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னங்க இது, கையை விட மாட்டேங்குது?"

"அன்னாடம் பினாங்குல எம்மகனுக்கு இதுதான் சாப்பாடு. பிஸ்மில்லா சொல்லி வாயில போடுங்க சம்பந்தி" என்றபடி அவர் எதிரில் வந்து உட்கார்ந்தார் அலி அக்பர்.

கொஞ்ச நேரத்தில் கூடத்திலிருந்து குரல் வந்தது. "இன்னொரு சஹன் கிடைக்குமாங்க?"

ஜெய்த்தூன் பீவி சுவர்ப் பக்கம் திரும்பி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தட்டை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"இம்புட்டுத் திட்டையும் வாங்கிக்கிட்டு, இந்தச் சோறுதான்னு எதுக்குடி ஒத்தக் கால்ல நின்ன?" என்று பவுனு கிசுகிசுத்தாள்.

நிலோபர் கூடத்துப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"வாதம் வந்ததுக்கப்புறம் மாமாவுக்கு நடை தேறிருச்சுக்கா, விரல்தான் இன்னும் ஒண்ணு சேர மாட்டேங்குது. அவுக தனியா உக்காந்து சாப்பிடுற எடத்தைத் தெனமும் கூட்டுறது நாந்தான். தட்டைச் சுத்திப் பூராவும் பருக்கையாக் கெடக்கும். எனக்குத் தெரியும்னு மட்டும் அவுககிட்டச் சொல்லிறாதீக."