புதிய அழைப்பு மணி
போன வாரம் ஒரு மலையையே பெயர்த்து நகர்த்தி வைத்தவர், மூன்றாவது மாடியில் ஒரு கதவின் முன்னால் நனைந்த சட்டையோடு நிற்கிறார். “மனுஷன் மாதிரி படியேறி வாங்க” என்று பிரிந்துபோன மனைவி சொன்னதால் பறக்காமல் ஏறி வந்திருக்கிறார். போன முறை அவர் அழுத்திய அழுத்தலில் அழைப்பு மணி சுவருக்குள் போய்விட்டது. புதிய மணியைச் சுற்றிப் பூசிய சிமெண்ட் இன்னும் சரியாகக் காயவில்லை. தூங்குகிற குழந்தையின் கன்னத்தைத் தொடுவதுபோல் சுண்டுவிரல் நுனியால் அதைத் தொடுகிறார். உள்ளே மனைவி மகளிடம் கிசுகிசுக்கிறாள்: “நான் இல்லன்னு சொல்லிடு.” கடலுக்கு அப்பால் யாராவது அழுதாலும் கேட்கிற காது அவருக்கு. சங்கிலி விடுகிற அளவுக்குக் கதவு திறக்கிறது. “அம்மா இல்லப்பா.” “சரிம்மா. வந்துட்டுப் போனேன்னு சொல்லு.” ஒரு விரலால் தள்ளினால் கதவு சுவரோடு பெயர்ந்துவிடும். அவர் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்குகிறார். தெருவில் மழை வலுக்கிறது. மேலே சமையலறையில் அவள் கேட்பது இங்கே கேட்கிறது: “குடை வச்சிருந்தாராடி?” “இல்லம்மா. தொப்பலா நனைஞ்சிருந்தாரு.” ஒரே ஊதலில் மேகத்தைக் கலைத்துவிடக்கூடியவர், அடுத்து அவள் என்ன சொல்வாளோ என்று நனைந்தபடி நிற்கிறார்.