கையின் எடை

சவுரிநாதன் அந்தத் துண்டை வேஸ்ட் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

இரண்டு விரல்களை விரித்தது போன்ற வெண்கலத் துண்டு. ஒரு விரல் தேய்ந்து தகடாகியிருந்தது.

அவள் ஷெட்டின் வாசலிலேயே நின்றாள். வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

பேசினால் குரலைக் கண்டுகொள்வார்.

போன வருடம் இதே மனிதரிடம் தொலைபேசியில் கால் மணி நேரம் பேசியிருக்கிறாள். பழைய வெளிநாட்டு வண்டிகளின் கியர்பாக்ஸைப் பிரித்துக் கட்ட, கோயம்புத்தூரில் அவர் ஒருவர்தான். கொண்டு வாருங்கள், செய்து தருகிறேன் என்றார்.

அன்று மாலை கணவனிடம், அந்த ஆள் தொழிலை விட்டுவிட்டாராம் என்றாள்.

அதற்கு முன், பெங்களூர் மெக்கானிக் போனை எடுப்பதில்லை என்றிருந்தாள். புனேக்காரர் இறந்துவிட்டார் என்றிருந்தாள். நின்றுபோன வண்டியைச் சரிசெய்ய ஆள் தேடும் வேலையை அவன் அவளிடம் விட்டிருந்தான். மூன்று வருடம் தேடினாள்.

கிடைத்துவிடாதபடி தேடினாள்.

போன வாரம் கிளப்பில் யாரோ அவனிடம் சவுரிநாதனின் பெயரைச் சொல்லிவிட்டார்கள்.

“தொழில விட்டுட்டாராம்! நல்லா விசாரிச்ச போ” என்று வீடு முழுக்கச் சிரித்தான்.

இப்போது கரும்பச்சை வண்டி நான்கு முட்டுகளின் மேல் நிற்கிறது. கதவு இரண்டு. இருக்கை இரண்டு. நடுவே கியர் கம்பி, அதன் தலையில் மரக் குமிழ்.

“இதுதாங்க கியரத் தள்ளி விடற ஃபோர்க்கு” என்றார் சவுரிநாதன். “சும்மா ஓட்டறதுல இது இப்படித் தேயாதுங்க. வண்டி ஓடறப்ப யாரோ கம்பி மேல கைய வெச்சுட்டே இருந்திருக்காங்க.”

வண்டியருகே நின்ற கணவன் அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

“இவ கைதான். ஏறுனா அங்கதான் இருக்கும். கல்யாணமான நாள்ல இருந்து.”

பன்னிரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகள்.

அவளுடைய வலது உள்ளங்கை குமிழின் மேல். அதன் மேல் அவனுடைய இடது கை.

சிக்னலில் நிற்கும்போது பக்கத்து ஸ்கூட்டர்களில் இருப்பவர்கள் பார்த்துப் புன்னகைப்பார்கள். கொடுத்து வைத்தவள் என்று அவன் அக்காவே சொல்லியிருக்கிறாள்.

மேட்டுப்பாளையம் வரை. திரும்பி வீடு வரை.

விரல்கள் மரத்துப்போகும். இழுத்தால் மேலிருக்கும் கை இன்னும் கொஞ்சம் கனக்கும். அவ்வளவுதான். கோபப்பட மாட்டான். முகத்தைக்கூடத் திருப்ப மாட்டான்.

ஒருமுறை கண்ணில் தூசி விழுந்தது. காரமடை தாண்டும்வரை இடது கையாலேயே கசக்கிக்கொண்டு வந்தாள்.

பிறகு ஒரு நாள், வண்டி நடு ரோட்டில் கடகடவென்று கத்தி நின்றது.

அந்த மூன்று வருட ஞாயிறுகளில் அவள் ஒன்றும் பெரிதாகச் செய்துவிடவில்லை. தெருக்கோடி வரை நடந்து போவாள். திரும்பி வருவாள். இரண்டு கையையும் வீசி.

சவுரிநாதன் சிரிக்கவில்லை. துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஒரு கையோட எடை இல்லீங்க இது. மேல இருந்து அமுக்கியிருக்குது.”

“சரி, புதுசு போட்டுருங்க” என்றான்.

“புதுசு எங்கீங்க இருக்குது? சீமையிலயே கெடையாது. இத மாதிரியா வெச்சு வார்த்தாத்தான் உண்டு. ஆவாரம்பாளையத்துல ஒருத்தர் வார்த்துத் தருவாருங்க. நாளைக்கே கொண்டு போய்க் குடுத்துருங்க.”

“நீங்களே அனுப்பிரலாமே?”

“அந்த வேலைக்கு நான் வரலீங்க. ஒருக்கா ஒருத்தருதக் குடுத்தனுப்பி, வழியில தொலைஞ்சு போச்சு. அந்த வண்டி இன்னிக்கும் கோழிக் கூடாட்டமா நிக்குது. இது ஒண்ணுதாங்க மாதிரி. போச்சுன்னா போச்சு. வண்டிக்காரங்க கையிலதான் குடுப்பேன்.”

“அவகிட்டக் குடுங்க” என்றான். “நான் எங்கயாவது வெச்சுட்டு மறந்துருவேன். அவ ஒரு பொருளத் தொலைச்சு நான் பாத்ததில்ல.”

சவுரிநாதன் வாசலுக்கு வந்தார்.

“பத்திரமா வெச்சுக்குவீங்களா அம்மிணி?”

பதில் சொல்லியாக வேண்டும்.

“வெச்சுக்கறேன்.”

அவர் நிமிர்ந்தார். அந்தக் குரலை எங்கோ வைத்துத் தேடுவதுபோல் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து அவளுடைய வலது கையைப் பார்த்தார்.

துண்டைச் செய்தித்தாளில் சுற்றி நீட்டினார்.

“குடுத்துட்டேனுங்க. இனி உங்க பாடு.”

வாடகைக் காரில் பின்னிருக்கை. அவள் இடது பக்கம், அவன் வலது பக்கம்.

தீபாவளிக்குள் வண்டி ஓடிவிடும் என்றான். முதல் ஞாயிறு மேட்டுப்பாளையம் என்றான். சொல்லிக்கொண்டே அவன் கை இருக்கையின் மேல் நகர்ந்து வந்து அவளுடைய வலது கையின் மேல் படிந்தது.

இங்கே கியர் கம்பி இல்லை. பழக்கம் இருந்தது.

நொய்யல் பாலத்தின் நடுவில் கார் நின்றது. முன்னால் ஏதோ லாரி. இடது ஜன்னலை ஒட்டிக் கைப்பிடிச் சுவர். அதற்குக் கீழே, மேற்கே பெய்த மழையில் ஆறு செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது.

மடியில் பொட்டலம். அதன் எடை கால் கிலோ இருக்குமா? இருக்காது.

அவள் கண்ணாடியை இறக்கினாள்.

ஆற்றின் இரைச்சல் உள்ளே வந்தது.

“ஏ.சி. ஓடிட்டிருக்குது, எதுக்கு எறக்கற?” என்றான். மேலிருந்த கை இன்னும் கொஞ்சம் கனத்தது.

அவளுடைய இடது கையை யாரும் பிடித்திருக்கவில்லை.