சுல்தான் அனுப்பிய அங்கி

சுல்தானுக்குக் கட்டுப்பட்ட வலாக்கியா நாட்டின் மன்னர் பர்பு, தன் சித்தப்பா மகனை அவசரமாக அழைத்தார். இஸ்தான்புல்லிலிருந்து சுல்தானின் தூதர் ஹலீல் ஆகா வந்து இறங்கியிருந்தார். அவர் பொன்னங்கி போர்த்தினால் பதவி நீடிக்கும். கறுப்புப் பட்டுத் துணியைப் போட்டால் பதவியோடு தலையும் போகும்.

"எதைக் கொண்டு வந்திருக்கான்?" என்று கேட்டார் பர்பு.

"மூட்டையைத் திறக்கவே மாட்டேங்கிறான் அண்ணா. எனக்கென்னவோ கறுப்புன்னுதான் படுது," என்றான் சித்தப்பா மகன் திராகோமிர்.

"அவன் என்னைப் பார்த்ததே இல்ல. என் கிரீடத்தை வச்சுக்கிட்டு நீ சிம்மாசனத்துல உட்காரு."

"ஐயோ, என் தலை போயிடுமே!"

"அண்ணனுக்காக இதுகூடச் செய்யமாட்டியா?"

காவலன் உடையில் பர்பு தூணோரம் நின்றார். ஆகா மூட்டையைப் பிரித்தார். உள்ளே பொன்னங்கி! அது திராகோமிரின் தோளில் விழ, பிரபுக்கள் மண்டியிட்டார்கள்.

"நிறுத்துங்க! நான்தான் மன்னன்!" பர்பு பாய்ந்து வந்தார்.

"அங்கி யார் தோள்ல விழுந்ததோ, அவர்தான் மன்னர். போர்த்தினதைக் கழட்டுற வழக்கம் எங்ககிட்ட இல்ல," என்ற ஆகா, திராகோமிர் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"நீங்க இஸ்தான்புல்லுக்கு வந்தப்பவே சொன்னீங்களே, அண்ணனே உங்களை உட்கார வைப்பார்னு. அப்படியே நடந்துடுச்சு!"