வேதப்பாடப் பரிசு

"என் மக வேதப் பாடத்துல முதலா வந்துருக்காளாமே வாத்தியாரே! யாரைக் கேட்டு வந்தா?"

குடையைக்கூட மடக்காமல் அறைக்குள் நுழைந்த மலையாண்டியைப் பார்த்துத் தலைமையாசிரியர் ஆசீர்வாதம் எழுந்து நின்றார். அமராவதிபுதூர்ப் பக்கத்தில் இருந்த அந்த லுத்தரன் மிஷன் பள்ளிக்கூடத்துக்கு விளையாட்டு மைதானம் கொடுத்தவர் மலையாண்டி. கொடுத்ததைச் சொல்லிக் காட்டாத நாள் இல்லை.

"வாங்கய்யா, உக்காருங்க. அஞ்சாம் வகுப்புலருந்து எட்டாம் வகுப்பு வரைக்கும் ஒரே பரீட்சைதான். முத்தழகு நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு. எங்க சபைப் பிள்ளைக எல்லாம் பின்னாடிதான்."

"அதத்தான் கேக்குறேன். ஒங்க சாமியப் பத்தி ஒங்க பிள்ளைகளுக்குத் தெரியாதது எம் பிள்ளைக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

"படிச்சுச்சுங்கய்யா."

"கணக்குல முப்பத்தாறு வாங்குனவ, இத மட்டும் ஏன் படிச்சா?"

ஆசீர்வாதம் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

ஆண்டுதோறும் ஈஸ்டருக்கு மறுநாள் அந்தப் பள்ளியில் ஆண்டு நிறைவு விழா. வேதப் பாடத்தில் முதலாக வந்த பிள்ளை மைக் முன்னால் நின்று, இயேசு உயிர்த்தெழுந்த கதையை மனப்பாடமாக ஒப்பித்த பிறகுதான் பரிசு வாங்க வேண்டும். பள்ளி தொடங்கிய நாளிலிருந்து வழக்கம். பரிசு கொடுக்கப் போகிறவர், வழக்கம்போல மலையாண்டி.

"ஒரு வாரமா மாட்டுக் கொட்டத்துல நின்னு ஒத்திகை பாக்குறா. 'கல்லறைக் கல்லைப் புரட்டுனது யாரு?'ன்னு சத்தம் போடுறா. பால் கறக்க வந்த மருது, 'சத்தியமா நான் புரட்டல தாயி'ன்னு செம்பைப் போட்டுட்டு ஓடிட்டான்."

ஆசீர்வாதம் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"இருமாதீக. மூத்தவளை இளையாத்தங்குடி பூமிநாதன் வீட்டுல கேட்டிருக்காக. வைகாசியில கல்யாணம். கோயிலுக்குப் போகாம பச்சத் தண்ணி பல்லுல படாத குடும்பம். விழாவுக்கு அவரும் வாராரு. இவ மைக்குல நின்னு 'இயேசு எந்திரிச்சாரு'ன்னா, சம்பந்தியும் எந்திரிச்சுப் போயிருவாரு!"

"என்ன செய்யச் சொல்றீக?"

"பரிசை அடுத்த பிள்ளைக்குக் குடுங்க."

ஆசீர்வாதத்தின் முகம் மாறியது. மேசை மேலிருந்த மதிப்பெண் பட்டியலைக் கவிழ்த்து வைத்தார்.

"அது வேணாங்கய்யா. இந்த வருசம் அந்தப் பரிசையே நிறுத்திருவோம்."

"ஏன் நின்னுச்சுன்னு ஊரு கேக்காதா? மலையாண்டி மகளுக்குப் பயந்து நிப்பாட்டிட்டாகன்னு பேச மாட்டானுகளா? வழக்கம் வழக்கப்படி நடக்கணும்."

"அப்ப அந்த ஒரு பரிசை மட்டும் வேற யார் கையாலயாவது..."

"நான் குடுத்த மைதானத்துல, என் கை இருக்கயில எவன் கை நீளும்?"

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். அடுத்தது அஞ்சாம் வகுப்புப் பிள்ளை. இந்த வருசந்தான் போர்டிங்ல சேந்துச்சு. விட்டுருங்கய்யா."

"எவன் பெத்த பிள்ளையோ! அவன் மானம் போனா எனக்கென்ன? எங்க வம்சத்தப் பாத்துப் பாட்டன் காலத்துலருந்து ஒருத்தன் ஒரு சொல்லு சொன்னது கிடையாது."

"இன்னொரு தடவை யோசிச்சு..."

"யோசிக்கிற வேலையெல்லாம் வாத்தியாருக்கு. எனக்குச் சொல்ற வேலைதான். முடியாதுன்னா நாளைக்கே மைதானத்துல கடலை விதைச்சிருவேன்."

ஆசீர்வாதம் தலைகுனிந்தார். ஆண்டவர் விட்ட வழி என்று பட்டியலை மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடினார்.

முத்தழகு அன்று சோறு தின்னாமல் அழுதாள். "ரெண்டு கேள்வியத் தப்பா எழுதியிருந்தா இந்த வம்பு உண்டா, கழுதை?" என்று ஆறுதல் சொன்னார் தகப்பன்.

திங்கட்கிழமை விழா. முன்வரிசையில் நெற்றி நிறைய விபூதியோடு பூமிநாதன். பெண்கள் பக்கம் மலையாண்டியின் மனைவி மீனாள், அரக்குப் பட்டில். போர்டிங் பிள்ளைகள் மேடைக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள். மேடையில் மலையாண்டி, மாலையும் மீசையுமாக.

ஆசீர்வாதம் மைக்கைப் பிடித்தபடி ஒருமுறை திரும்பி மலையாண்டியைப் பார்த்தார். மலையாண்டி 'ம்' என்று புருவத்தை உயர்த்தினார்.

"வேதப் பாடப் பரிசு, ஐந்தாம் வகுப்பு மாணவிக்கு" என்றார் ஆசீர்வாதம். பெயரைச் சொல்லவில்லை.

பின்னாலிருந்து இரட்டைச் சடையோடு ஒரு சிறுமி தலையைக் குனிந்தபடி ஏறி வந்தாள். மலையாண்டி அப்போது சம்பந்தியைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். மேடையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு முதுகு காட்டி நின்று, கண்ணை மூடிக்கொண்டு, சிறுமி ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தாள். பூமிநாதனே தலையை ஆட்டினார்.

"பிள்ளைன்னா இதுல்ல பிள்ளை! பெத்தவன் குடுத்து வச்சவன்" என்று பக்கத்திலிருந்த பாதிரியாரிடம் தாராளமாகச் சொல்லிவிட்டு, பரிசை எடுத்துக்கொண்டு மைக் அருகே வந்தார் மலையாண்டி.

சிறுமி திரும்பினாள். நிமிர்ந்து பார்த்தாள். மைக் இருப்பதையே மறந்து துள்ளினாள்.

"அப்பா! நீங்க சிங்கம்புணரி வீட்டுக்கு வரயில, நான் இங்குட்டுப் படிக்கிறதச் சொல்லக் கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கிருச்சே, ஒங்களுக்கு யாரு சொன்னா?"