வைக்கோல் அமைச்சர்

வாளியைக் கீழே வைக்க அவளுக்கு அனுமதி இல்லை.

கம்பிப் பிடி விரல்களை அறுத்தது. காக்கிச் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. ஆண் காவலர்கள் கையில் தடி. அவள் கையிலும் உடன் நின்ற பெண் காவலர்கள் கையிலும் தளும்பத் தளும்பத் தண்ணீர்.

கடைவீதியில் பாடை வந்துகொண்டிருந்தது.

பாடைமேல் நிதியமைச்சர். வைக்கோல் உடம்பு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. முகத்துக்குச் செய்தித்தாளில் வந்த படத்தைப் பெரிதாக்கி ஒட்டியிருந்தார்கள். நிதிநிலை அறிக்கை வாசித்த அன்று எடுத்த படம்.

சிரித்துக்கொண்டிருந்தார்.

கையால் செய்த தீப்பெட்டிக்கும் இயந்திரம் செய்த தீப்பெட்டிக்கும் இனி ஒரே வரி, அதுவே சமநீதி என்று தில்லியில் முழங்கியவர். அங்கே மேசைகள் தட்டப்பட்டன. இங்கே தீப்பெட்டி ஆபீஸ் எனும் கைவேலைக் கூடங்கள் பூட்டப்பட்டன. குச்சி அடுக்கிய பெண்கள் தெருவுக்கு வந்தார்கள்.

வைக்கோலாக வந்தவர், இன்னும் சற்று நேரத்தில் உடம்போடும் இதே வீதியைக் கடக்கவிருந்தார். ஊர்க்கோடியில் புதிய வங்கிக் கட்டடத்தைத் திறந்துவைக்க. ஊரின் ஒரே தீயணைப்பு வண்டி அந்த வங்கி வாசலில் நின்றது. கட்டடத்துக்குக் காவல்.

காலையிலேயே ஆய்வாளர் சொல்லிவிட்டார்.

"பொம்ம எரிஞ்சா டிவியில வரும். டிவியில வந்தா எனக்கு மாறுதல். உங்கள்ல எவ கையில வாளி இருந்துச்சோ, அவ காக்கிய மடிச்சுக் குடுத்துட்டுப் போயிரலாம்."

பாடைக்கு முன்னால் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு வந்தார்கள்.

"வரியப் போட்ட மகராசா, வாயத் தொறக்காமப் போறியே."

ஒப்பாரியிலும் சிரிப்பிருந்தது. முதல் வரிசையில், குச்சி அடுக்கிய வேலுத்தாய். கையில் பெட்ரோல் கேன். அவளுக்குப் பின்னால் ஒருத்தி, எரியும் பந்தத்தோடு.

வேலுத்தாய் வாளியைக் கண்டாள். பல் தெரியச் சிரித்தாள்.

"என்ன போலீசம்மா, பொணத்தக் குளிப்பாட்டத் தண்ணியும் நீங்களே கொண்டாந்துட்டீகளா?"

வீதியே சிரித்தது. வாளி பிடித்து நின்றவளுக்கும் உதட்டோரம் துடித்தது. பல்லைக் கடித்து அடக்கினாள்.

ஆய்வாளரின் விசில் ஒலித்தது.

வைக்கோலுக்குத் தண்ணீர். வாளிகள் ஒன்றன்பின் ஒன்றாய் அமைச்சர்மீது கவிழ்ந்தன. அவளுடையதும் கவிழ்ந்தது. துண்டு நனைந்தது. வேட்டி நனைந்தது. வைக்கோல் ஊறிக் கனத்தது.

சதைக்குத் தடி.

தோளில் இறங்கியது. முழங்காலில் இறங்கியது. ஓடியவளின் கொண்டையைப் பற்றி ஒரு கை தரையில் அடித்தது. விழுந்தவளை எழ விடவில்லை. வாயைப் பொத்தியவளின் விரலிடுக்கில் இரத்தம் வழிந்தது. ஒப்பாரி இப்போது மெய்யான அழுகையாகிவிட்டது.

ஒரு தடி வேலுத்தாயின் கேனைப் பிளந்தது. மார்பில், மடியில், முந்தானையில் பெட்ரோல் கொட்டியது.

அடுத்த அடி, பந்தம் பிடித்த கையில்.

பந்தம் பறந்தது.

பெரிய சத்தமில்லை. ஈரப் புடவையை ஒருமுறை உதறியதுபோல.

வேலுத்தாய் எரிந்தாள்.

எரிந்தபடியே நடந்தாள். எதையோ வாங்கிக்கொள்ளப் போகிறவள்போலக் கைகளை நீட்டிக்கொண்டு நடந்தாள். தடிகள் நின்றன. அடித்தவர்கள் பின்வாங்கினார்கள்.

"தண்ணி... தண்ணி..."

அவள் தன் வாளிக்குள் பார்த்தாள். சொட்டுமில்லை. எந்த வாளியிலும் இல்லை.

அவ்வீதியிலிருந்த தண்ணீர் முழுவதையும் அமைச்சர் குடித்திருந்தார்.

"பொம்மைய ஜீப்புல ஏத்துங்கய்யா மொதல்ல" என்றார் ஆய்வாளர்.

இரு காவலர்கள் அதன் கால்களைப் பிடித்து இழுத்தார்கள். அவள் பாய்ந்து பொம்மையின் கழுத்தைப் பிடித்தாள். ஒருவன் விட்டான். மற்றவன் விடவில்லை. வெறும் வாளியை வீசி அவன் முகத்தில் அடித்தாள். மூக்கைப் பொத்திக்கொண்டு அவனும் விட்டான்.

நீர் சொட்டச் சொட்ட அமைச்சரைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

தோளால் இடித்து வேலுத்தாயைச் சாய்த்தாள். அவள்மேல் அமைச்சரைப் போட்டாள். அமைச்சர்மேல் தான் விழுந்தாள்.

சீறியது. ஆவி முகத்தில் அறைந்தது. விளிம்புகளில் நெருப்பு நாக்கை நீட்டியது. ஈர வேட்டியை இழுத்து இழுத்துப் போர்த்தினாள். போதாத இடத்தைத் தன் உள்ளங்கைகளால் அமுக்கினாள். தோல் வழன்றது. எடுக்கவில்லை.

அடியில் வைக்கோல் கருகியது. காகித முகம் சுருண்டது. சிரிப்பு முதலில் போயிற்று. பிறகு கண்கள்.

நெருப்பு அடங்கியது.

வேலுத்தாய்க்கு இமைமயிர் இல்லை. கண் திறக்கவில்லை. மூச்சு இருந்தது. கருகிய உதடுகள் அசைந்தன. அவள் காதைத் தாழ்த்தினாள்.

"பொம்ம... எரிஞ்சிருச்சா?"

தலைக்குமேல் ஆய்வாளர் வயர்லெஸ்ஸில் பேசிக்கொண்டிருந்தார். குரலில் நடுக்கமில்லை.

"எதுவும் எரியல சார். ரோடு கிளியர். மினிஸ்டர் வண்டி வரலாம்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

ஆய்வாளரும் அவளைப் பார்த்தார். பேச்சை நிறுத்தாமலே ஒரு விரலை எடுத்து உதட்டின்மேல் வைத்தார்.

"எரிஞ்சிருச்சுக்கா" என்றாள் அவள்.

வயர்லெஸ்ஸுக்கும் கேட்கும்படி.