பழைய போனின் மூச்சு

ஒரு பழைய போன் தன்னை வைத்திருந்த பரிமளாவோடு ஹெட்போன் வாங்கக் கடைக்குப் போனதாம். "இன்னைக்கும் பாட்டு சரியாக் கேக்கலைன்னா இந்தப் போனையே மாத்திடுவேன்" என்று அவள் வழியிலேயே சொல்லியிருந்ததால், அது தன் பாட்டுகளை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தது.

முதலில் அவள் மாட்டிப் பார்த்தது ஒரு பெரிய ஹெட்போனை. போன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாடியது. சத்தத்தைக் கடைசிவரை கூட்டியும், பாட்டு கொசு ரீங்காரம் போலத்தான் கேட்டது.

"அண்ணாச்சி, கொஞ்சம் இறங்கி வாங்களேன்" என்று போன் கெஞ்சியது.

"நான் என்ன செய்ய, தம்பி? சத்தத்தைப் பெருக்கித் தர்ற ஆம்ப்ளிஃபயர் இல்லாம எனக்கு வாயே திறக்காது" என்றது பெரியது. அது சொன்னதும் பொய்யில்லை.

பரிமளா உதட்டைப் பிதுக்கினாள். "போன்தான் போச்சு."

பக்கத்துக் கூடையில் கிடந்த மலிவான ஹெட்போன் ஒன்று மெல்லக் கூப்பிட்டது. "அண்ணே, எங்கிட்ட கத்த வேண்டாம். சும்மா பேசுற மாதிரி பாடு, போதும்."

போகிற போக்கில் பரிமளா அதையும் எடுத்து மாட்டினாள். பாட்டு தொடங்கியதும் திடுக்கிட்டாள். பிறகு அந்தப் போனிடம் ஒருநாளும் செய்யாததைச் செய்தாள். சத்தத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இதையே குடுங்கண்ணே" என்றாள் கடைக்காரரிடம், கண்ணைத் திறக்காமலே. "என் போன் நல்லாத்தான் பாடுது."