காரணம்: இறப்பு

“நான் உசுரோடதான் கீறேன் சார். வேணும்னா கிள்ளிப் பாருங்க.”

தாயாரம்மாள் மேசைமேல் கையை நீட்டினாள். துணை தாசில்தார் வசந்த்குமார் கிள்ளவில்லை. சிரித்துக்கொண்டே அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னார். உத்திரமேரூர் தாலுகா ஆபீஸில் காலையிலிருந்து அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

வரைவு வாக்காளர் பட்டியலைப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டிய நாளிலிருந்து தாயாரம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. நீக்கப்பட்டவர்கள் வரிசையில் அவள் பெயர். பக்கத்திலேயே, காரணம்: இறப்பு. பதினாறாம் நாள் சாப்பாடு எப்போது என்று தெருவே கேட்டுச் சிரித்தது. ஓட்டு வந்த வயதிலிருந்து ஒரு தேர்தலை அவள் விட்டதில்லை. ஏழு மணிக்கே முதல் ஆளாகப் போய் நின்று மை வைத்துக்கொண்டு வருவாள். புருஷன் செத்த வருஷம்கூடப் போய்ப் போட்டாள். அவளைப் போய்ச் செத்தவள் என்றால் பொறுக்குமா?

மகன் முத்துவேல்தான் வண்டியில் கூட்டி வந்தான். அதுவும் லேசில் கிளம்பவில்லை. ஒரு ஓட்டுதானே, போனால் போகட்டும் விடு என்று மூன்று நாளாகச் சாக்குச் சொன்னான். பெயர் சேர்க்க இன்றைக்குக் கடைசி நாள், நான் பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறேன் என்று அவள் பையைத் தூக்கிய பிறகுதான் வண்டியை எடுத்தான். உள்ளே வராமல், வண்டியைப் பார்த்துக்கொள்வதாக வேப்பமரத்தடியிலேயே நின்றுவிட்டான்.

மற்றபடி அவன்மேல் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. அவளுக்குத் தாய்வீட்டில் கொடுத்த ஏரிக்கரை நிலத்தை மனை போட விற்கலாம், கையெழுத்துப் போடு என்று ஆனி மாதம் வரை நச்சரித்தவன், ஆடி பிறந்ததும் அந்தப் பேச்சையே விட்டுவிட்டான். பிள்ளைக்குப் புத்தி வந்துவிட்டது என்று மனம் குளிர்ந்து அம்மனுக்குக் கூழ் ஊற்றினாள் தாயாரம்மாள்.

மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு கட்சிக்காரர், அந்தப் பக்கம் ஒரு கட்சிக்காரர். பானையில் ஓலை போட்டு ஆள் தேர்ந்தெடுத்த ஊரிலேயே உயிரோடு இருப்பவர்களைச் சாகடிக்கிறார்களே என்று ஒருவர் பொங்கினார். செத்தவர்கள் எழுந்து வந்து ஓட்டுப் போட்டபோது இனித்தது, இப்போது அடையாளம் கேட்டால் கசக்கிறதா என்று மற்றவர் எகிறினார். நடுவில் மாட்டிக்கொண்ட தாயாரம்மாள் திருதிருவென்று விழித்தாள். உன் ஓட்டு யாருக்கு என்று மட்டும் இரண்டு பேரும் கேட்கவில்லை. தங்களுக்குத்தான் என்று இரண்டு பேருக்குமே நம்பிக்கை.

வசந்த்குமார் அவர்களை அடக்கிவிட்டு வாக்காளர் அட்டையை வாங்கிப் பார்த்தார். ஆதாரையும் பார்த்தார். படத்தையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். சந்தேகமே இல்லை, அவள்தான். ஒரு படிவம் எழுதிக் கையெழுத்துப் போட்டால் பெயர் திரும்ப ஏறிவிடும், ஐந்து நிமிஷ வேலை என்றார். தாயாரம்மாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பெயர் எப்படிப் போனது என்று பார்க்கத்தான் அவர் கணினியைத் திறந்தார். பார்த்தவர் முகம் மாறியது. வீடு வீடாகக் கணக்கெடுக்க வந்தவர்கள் செய்த தப்பு இல்லையாம். இறப்புப் பதிவேட்டிலிருந்து நேராக வந்திருக்கிறதாம். அவள் செத்துவிட்டதாக ஜூலையிலேயே யாரோ சான்றிதழ் வாங்கியிருக்கிறார்கள்.

“உசுரோட இருக்கிறவங்களுக்கு இறப்புச் சான்றிதழா? இன்னிக்கே போலீசுக்கு எழுதுறேன்மா. வாங்கினது யாரா இருந்தாலும் ஜெயில்தான்.”

“விடாதீங்க சார்” என்றாள் தாயாரம்மாள். “எந்தக் கட்டையில போறவனோ, கம்பி எண்ணட்டும்.”

கட்சிக்காரர்கள் இருவரும் அன்றைக்கு முதல் முறையாக ஒன்றுபோலத் தலையாட்டினார்கள். ஒருவர் இறப்புச் சான்றிதழ் என்றதுமே போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்திருந்தார். வசந்த்குமார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் படித்தார்.

“விண்ணப்பம் கொடுத்தவர் பேரு முத்துவேல். உறவு, மகன்.” அவர் நிமிர்ந்தார். “உங்க புள்ளையாம்மா?”

தாயாரம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். முத்துவேல் வண்டியைப் பார்க்கவில்லை. இவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

பெற்றவள் உயிரோடு இருக்கும்போதே செத்துவிட்டாள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். எழுதும்போது கை நடுங்கியிருக்காதா? ஒரு கையெழுத்துக்காகவா? அந்தப் பாழாய்ப்போன நிலத்தை அப்போதே எழுதிக் கொடுத்துத் தொலைத்திருக்கலாம். கம்பி எண்ணட்டும் என்று இப்போதுதான் அவள் வாயாலேயே சொன்னாள். சொன்னது அந்தப் போனுக்குள் இருந்தது.

மேசைமேல் இருந்த வாக்காளர் அட்டையை மெல்ல எடுத்தாள். ஆதாரையும் எடுத்தாள். இரண்டையும் சுருக்குப் பைக்குள் போட்டுக் கயிற்றை இறுக்கினாள்.

வசந்த்குமார் படிவத்தை நகர்த்திப் பேனாவை நீட்டினார்.

“பயப்படாம கையெழுத்துப் போடுங்க. நீங்க தாயாரம்மாள்தானே?”

அவள் பேனாவை வாங்காமல் எழுந்து நின்றாள்.

“இல்ல சார். அந்தம்மா செத்துப் பூட்டாங்க.”